உறைப்பொடி

செத்துப்போனவன் மேல் பொறாமைப்படுவதில் ஒரு பெரிய சங்கடம் உண்டு. அவன் இனிமேல் எந்தத் தப்பும் செய்ய மாட்டான். உயிரோடிருக்கிற ஆளென்றால் என்றைக்காவது தொப்பை போடுவான், முடி கொட்டும், கல்யாண வீட்டில் குடித்துவிட்டு உளறுவான். நாமும் பொறுமையாகக் காத்திருக்கலாம். திருமூர்த்தி அந்த நம்பிக்கைக்கெல்லாம் இடம் வைக்காமல் முப்பத்தாறு வயதில் மாரடைப்பில் போய்விட்டான். அடர்ந்த கிராப்பும் ஆறடிக்கு மேல் உயரமுமாக, சூலூர்ப் பட்டறையின் சுவரில் மாலை போட்ட படத்தில் சிரித்துக்கொண்டிருந்தான்.

அந்தப் படத்துக்குக் கீழே தினமும் வேலை பார்த்தவன் சென்னியப்பன். பெயர் தாத்தாவுடையது, வயது நாற்பத்தொன்று, உயரம் ஐந்தரை அடி என்று தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம். பம்பு கம்பெனியில் எஞ்சினியராக இருந்தவன், திருமூர்த்தியின் மனைவி யமுனாவைக் கல்யாணம் செய்துகொண்ட பிறகு அந்த வேலையை விட்டுவிட்டு அவளுடைய செயற்கைக் கால் பட்டறைக்கே வந்துவிட்டான். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அவன் ஆசைப்பட்டுக் கேட்டான், அவள் ஒரு மாதம் யோசித்துவிட்டுச் சரி என்றாள். இரண்டு வருஷமாக நல்லபடியாகத்தான் குடும்பம் நடத்துகிறார்கள். படத்தைப் பற்றி அவனுக்குப் பெரிய வருத்தமில்லை. படம் பேசாது, பார்த்துப் பழகிவிடலாம். அவனுக்கு ஆகாதது ஒரு பீங்கான் ஜாடியும் அதிலிருந்த பொடியும்தான்.

அந்தப் பொடி என்ன என்பதை அவனே ஒரு நாள் தன் வாயால் விளக்க வேண்டி வந்தது. கேட்டவள் மெஹருன்னிசா, போக்குவரத்துப் போலீசில் ஏட்டு. ஓட்டுநர் இல்லாத லாரிகள் வந்து எத்தனையோ வருஷம் ஆன பிறகும் சிங்காநல்லூர்ச் சந்திப்பில் ஆள் நிற்க வேண்டியிருந்தது. நம் ஊர் டூவீலர்காரர்கள் எந்தப் பக்கம் திரும்புவார்கள் என்று எந்தக் கம்ப்யூட்டருக்கும் பிடிபடவில்லை. அப்படி நின்ற இடத்தில் ஒரு லாரி அவளுடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே கொண்டுபோய்விட்டது. செயற்கைக் காலோடு மறுபடியும் அதே சந்திப்பில் நின்றாள். வெட்டுப்பட்ட காலின் முனை உட்காரும் கிண்ணத்துக்கு சாக்கெட் என்று பெயர். சதை வற்ற வற்ற அது தளர்ந்துவிடும், வருஷத்துக்கு ஒரு தடவை புதிதாகச் செய்ய வேண்டும். அதற்குத்தான் யமுனாவிடம் வருவாள்.

"ஏன் தம்பி, நானும் ரொம்ப நாளா கேக்கணும்னு இருக்கேன். அந்த ஜாடியில அப்படி என்னதான் வச்சிருக்கீங்க?"

யமுனா எதிர் மேசையில் கறுப்பு நிறக் கார்பன் துணியை வெட்டிக்கொண்டிருந்தாள். பதில் சொல்லும் பொறுப்பு சென்னியப்பனுடையதாயிற்று.

"பைண்டர்ங்க ஏட்டம்மா. கார்பன் துணிய உங்க கால் அச்சு மேல போட்டா நிக்காது, வழுக்கிட்டு வந்துரும். அதனால பைண்டர் பொடியத் தூவிச் சூடு காட்டுவோம். பொடி இளகும். அப்ப துணிய மடிச்சு அச்சு மேல அமுக்கி ஆற விட்டா அந்த வடிவத்துலயே நின்னுக்கும். அதை நாங்க கூடுன்னு சொல்லுவோம். கூட்ட மோல்டுல வச்சு ரெசின் ஏத்தினா சாக்கெட்."

"அது எல்லாப் பட்டறையிலயும் நடக்கறதுதானே. இங்க மட்டும் துணி தானா எந்திரிச்சு மடியுது. நான் பாத்திருக்கேன்."

"இது கத்துக்கற பைண்டர். எந்தப் பக்கமிருந்து அமுக்கினாங்க, எவ்வளவு அழுத்தினாங்க, எப்ப விட்டாங்கன்னு ஒவ்வொரு துகளும் வச்சுக்கும். மறுபடி சூடு பட்டா அதே மாதிரி இழுத்துக்கும். வடிவத்த இல்லீங்க, வடிவம் ஆளுக்கு ஆளு மாறுமே. அது ஞாபகம் வச்சுக்கறது கைய. எங்க இறுக்கணும், எங்க லேசா விடணுங்கற பக்குவத்த."

"யாரு கைய?"

சென்னியப்பன் ஸ்குரூ டிரைவரைத் தேடுவதுபோல மேசையைத் துழாவினான்.

"மூர்த்தி கைதான்க்கா," என்றாள் யமுனா திரும்பிப் பார்க்காமல்.

மெஹருன்னிசா சுவரில் இருந்த படத்தை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, "ஒசூர்ப் பக்கம் ஒரு பேக்டரியில இதுக்காகத்தானே அத்தனை பெரிய ஸ்ட்ரைக் நடந்துச்சு. நான் பந்தோபஸ்துக்குப் போயிருந்தேன்," என்றாள். "ஒரு ஆளு செத்து ஒன்றரை வருஷமா அவன் கைய வச்சு கம்பெனி வேலை வாங்கிட்டே இருந்திருக்குது. சம்பளம் யாருக்குன்னு சண்டை. ஆனா அவன் சம்சாரம் பணம் கேக்கல. துணிய ஒரு தடவ தொட்டுப் பாக்கணும்னு மட்டும் கேட்டுச்சு. நான்தான் உள்ள கூட்டிட்டுப் போனேன். தொட்டுச்சு. கொஞ்ச நேரம் அப்படியே நின்னுச்சு. அப்புறம், இத அழிச்சிருங்கன்னு சொல்லிட்டு விறுவிறுன்னு வெளிய போயிருச்சு."

"அதுக்கப்புறம்தான் சட்டம் வந்துச்சுங்க," என்றான் சென்னியப்பன். "ஆள் போயிட்டா பொடிய நூத்தியெண்பது டிகிரியில வச்சு அழிச்சிரணும். எல்லாம் மறந்துரும்."

"சின்னப் பட்டறைக்கு அந்தச் சட்டம் இல்லீங்க," என்றாள் யமுனா.

"இல்லைன்னு இல்ல. யாரும் வந்து பாக்கறதில்ல."

யமுனா கத்தரியை வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். பிறகு வேலையைத் தொடர்ந்தாள். அந்த முகம் தெரியாத ஒசூர்ப் பெண்ணின் மேல் சென்னியப்பனுக்குத் திடீரென்று பெரிய மரியாதை வந்தது. பெண்ணென்றால் அவள். தொட்டாள், அழிக்கச் சொன்னாள், போய்விட்டாள்.

யமுனா அழிப்பவள் இல்லை, வளர்ப்பவள். புதுப் பொடி மூட்டையில் வரும்போது ஒன்றும் தெரியாத வெறும் பொடியாகத்தான் வரும். ஜாடியிலிருந்து ஒரு கரண்டி பழைய பொடியை அதில் கலந்து, இளஞ்சூட்டில் மூடி வைத்தால் மறுநாள் புதுசும் பழசு மாதிரியே ஆகிவிடும். பாலுக்கு உறை ஊற்றுவதும் இதுவும் ஒன்றுதான். அதனால் அவள் அதை உறைப்பொடி என்றே சொல்வாள். உறை மோருக்கு நம் வீடுகளில் உள்ள அத்தனை சட்டமும் அந்த ஜாடிக்கும் உண்டு. விளக்கு வைத்த பிறகு அதை வெளியே கொடுக்க மாட்டாள், வெள்ளிக்கிழமை கொடுக்கவே மாட்டாள். திருப்பூரிலிருந்து தெரிந்த பட்டறைக்காரர் ஒருவர் வெள்ளிக்கிழமை சாயந்தரம் வந்து ஒரு கரண்டி கேட்டபோது காப்பி கொடுத்துத் திருப்பி அனுப்பினாள். கல்யாணமான புதிதில் சென்னியப்பன் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். அப்போது அவனுக்கு அந்தத் துணி மடிவதைப் பக்கத்தில் நின்று பார்க்கும் வாய்ப்புக் கிடைத்திருக்கவில்லை.

துணியை மடிப்பது இரண்டு பேர் எதிரெதிராக நின்று செய்யும் வேலை. ஒருவர் துணியின் ஓரத்தை அச்சின் மேல் விரல்களால் பிடித்துக்கொள்ள வேண்டும். மற்றவர் எதிர் ஓரத்தை அந்த விரல்களின் மேலேயே மடித்து அமுக்குவார். பிடித்தவர் விரல்களை உருவிக்கொண்டதும் மடிப்பு இறுகும். அடுத்த மடிப்புக்கு முறை மாறும். திருமூர்த்தியும் யமுனாவும் ஒன்பது வருஷம் இப்படித்தான் நின்றார்கள். இப்போது யமுனா தனியாகவே நிற்கிறாள். சூடு காட்டுவாள், தன் பக்கத்து ஓரத்தைப் பிடித்துக்கொள்வாள். எதிர் ஓரம் மெல்ல எழுந்து வரும். அவள் விரல்களின் மேல் படியும், அழுத்தும், பிறகு ஒரு கணம் தளரும். அவள் விரல்களை எடுத்துக்கொள்வாள். அதற்கப்புறம்தான் இறுகும்.

அந்தத் தளர்வைத்தான் சென்னியப்பனால் தாங்க முடியவில்லை. அது தொழில்நுட்பம் இல்லை. அவள் விரலுக்கு வலிக்கக் கூடாது என்று ஒருவன் நினைத்தது அது. அவன் செத்துச் சாம்பலாகி ஐந்து வருஷம் ஆன பிறகும் தினமும் பத்துத் தடவை, பட்டப்பகலில், புருஷன் கண் முன்னால் அவள் கையைப் பிடித்து விடுகிறான். அந்த நேரத்தில் யமுனா கண்ணை மூடுவதில்லை, பெருமூச்சு விடுவதில்லை, எதுவும் செய்வதில்லை. அவள் முகம் சும்மா இருக்கும். அத்தனை சும்மாவாக, அத்தனை நிம்மதியாக அவள் முகத்தை அவன் வீட்டில் பார்த்ததில்லை.

ஒரு தடவை அவள் இல்லாதபோது அவனும் ஓரத்தைப் பிடித்துப் பார்த்தான். துணி கொஞ்சம் எழுந்தது. இவன் விரலைத் தொட்டதும் நின்றுவிட்டது. ஒரு பொடியிடம் இப்படி அவமானப்பட்டதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டின்போது பேச்சை எடுத்தான்.

"அந்த ஒசூர் கேஸ் மாதிரி நாளைக்கு நமக்கும் ஒரு பிரச்சினை வரலாம். உறையை அழிச்சிட்டுப் புதுசா ஆரம்பிச்சரலாம் அம்மிணி."

"புதுசா யாரு கைங்க?"

"ஏன், என் கை இருக்குதல்ல."

அவள் அவன் கையைப் பார்த்தாள். ரசம் சாதம் பிசைந்துகொண்டிருந்த கை அது. "உங்க கைக்கு நட்டு முடுக்கித்தாங்க பழக்கம்," என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை, மோர் வேண்டுமா என்று கேட்கும் குரலில்தான் சொன்னாள். "இங்க காத்துட்டு இருக்கறவங்களுக்குக் கால் வேணும். அவங்க கால்ல நாம பழக முடியாதுங்க."

அவள் சொன்னது நியாயம். நியாயமாகப் பேசுகிற மனைவியிடம் பொறாமைக்காரன் தோற்றுப்போகத்தான் வேண்டும். சென்னியப்பன் மோர் கூட ஊற்றிக்கொள்ளாமல் எழுந்துவிட்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காங்கயத்தில் யமுனாவின் அக்கா பேரனுக்குக் காதுகுத்து. வயிறு சரியில்லை என்று சொல்லி அவன் வரவில்லை. அவள் பஸ் ஏறியதும் பட்டறையைத் திறந்தான். ஜாடியிலிருந்த பொடி முழுவதையும் ஒரு தட்டில் கொட்டி ஓவனுக்குள் வைத்து, நூற்றியெண்பதில் முள்ளைத் திருப்பினான். ஓவனின் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்துக்கொண்டு நின்றான்.

பாராமல் இருந்திருக்கலாம். கை தாங்கும் சூடு வந்ததும் பொடி இளகி அசைய ஆரம்பித்தது. துணி இல்லை, அச்சு இல்லை, ஆனாலும் குவியலின் ஓரம் எழுந்து நடுவை நோக்கி வந்து எதன் மேலோ படிந்தது. கொஞ்சம் தளர்ந்தது. மறுபடி எழுந்தது, மறுபடி தளர்ந்தது. சென்னியப்பனுக்குப் பயமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. ஸ்விட்ச் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவன் அதை அணைக்கவில்லை. சூடு ஏறிக்கொண்டே போனது. கடைசியில் பொடி தட்டையாகப் படுத்துக்கொண்டது.

ஆறின பொடியை மறுபடி ஜாடியில் போட்டு மூடி, தட்டைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கினான். நன்றாகவே தூங்கினான்.

திங்கட்கிழமை யமுனா மெஹருன்னிசாவுக்கான துணியை எடுத்தாள். பொடி தூவிச் சூடு காட்டி ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். எதிர் ஓரம் எழவில்லை. இன்னும் கொஞ்சம் சூடு காட்டினாள். விரல்களை எடுத்து மறுபடி வைத்தாள். துணி துணியாகவே கிடந்தது. அவள் அப்படியே ரொம்ப நேரம் விரல்களை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு ஜாடியைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். வெள்ளையாக இருந்த பொடி வறுத்த ரவை நிறத்துக்கு வந்திருந்தது.

"நேத்து ஓவனச் சோதிச்சுப் பாத்துட்டு இருந்தேன்," என்றான் சென்னியப்பன். நேற்றே தயார் செய்து வைத்திருந்த வாக்கியம். "உறையைக் கொஞ்சம் வெதுவெதுப்பா வச்சிரலாம்னு உள்ள வச்சேன். தெர்மோஸ்டாட் கோளாறு போல. நான் கவனிக்கல."

பதினாறு வருஷம் பம்பும் மோட்டாரும் பார்த்த எஞ்சினியர் ஒருவன் தெர்மோஸ்டாட்டைக் கவனிக்கவில்லை என்று சொன்னால் எந்த மனைவி நம்புவாள்? யமுனா அவன் முகத்தைப் பார்த்தாள்.

"சரிங்க," என்றாள்.

பின்கட்டுக்குப் போய்க் கை கழுவினாள். குழாய் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அவன் அழுகையை எதிர்பார்த்தான், சண்டையை எதிர்பார்த்தான். இரண்டுக்கும் தனித்தனியாகப் பதில் வைத்திருந்தான். அவள் ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. மத்தியானம் வழக்கம்போலச் சோறு போட்டாள், தானும் சாப்பிட்டாள்.

மூன்றாம் நாள் மெஹருன்னிசா வந்தாள். பழைய சாக்கெட்டில் விரிசல் விட்டு, காலின் முனையில் புண் வந்திருந்தது. நொண்டிக்கொண்டே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"மாசக் கடைசியில மெடிக்கல் போர்டு யமுனா. நாலு மணி நேரம் நிக்க வச்சுப் பாப்பாங்களாம். நிக்க முடியலைன்னா ரெக்கார்ட் ரூமுக்குப் போடுவாங்க. கால் போனப்பக்கூட நான் இப்படிக் கலங்கல. இத்தனை வருஷம் ரோட்டுல நின்ன உடம்பு. அந்த ரூம்ல கட்டுக்கட்டா பேப்பருக்கு நடுவுல உக்காந்தா நான் செத்தே போவேன்."

"உறை போச்சுக்கா," என்றாள் யமுனா.

"போச்சுன்னா?"

"சூடு அதிகமாயிருச்சு. எல்லாத்தையும் மறந்துருச்சு."

மெஹருன்னிசா சென்னியப்பனைப் பார்த்தாள். போலீஸ்காரிகளின் பார்வையில் ஒரு வசதி, அவர்கள் எதற்காகப் பார்த்தாலும் நமக்கு வியர்க்கும்.

"மாசக் கடைசிக்குள்ள குடுத்தரேன்க்கா, நீங்க போங்க," என்று யமுனா அவளை அனுப்பிவைத்தாள். பிறகு வெறும் பொடி மூட்டை ஒன்றைப் பிரித்தாள். துணியை விரித்தாள்.

"வாங்க. எதிர்ல நில்லுங்க," என்றாள் சென்னியப்பனிடம்.

அவன் போய் நின்றான்.

ஆரம்பத்தில் எல்லாம் கோணலாகவே வந்தது. அவன் அமுக்கிய இடத்தில் துணி எலுமிச்சம்பழத்தைப் பிழிந்ததுபோல ஆயிற்று. முதல் கூட்டை அச்சிலிருந்து எடுத்தபோது அது ஒரு பக்கம் நசுங்கி, கால் வைக்கவே இடமில்லாமல் இருந்தது. யமுனா அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். பட்டறைக்குள் அவள் சிரித்து அவன் கேட்டது அதுதான் முதல் தடவை. "பம்புக்கு வாஷர் மாட்டறீங்களா?" என்றாள். அவனும் சிரித்தான்.

"அமுக்காதீங்க. படிய விடுங்க. அது தானாப் படியும்."

"இப்படியா?"

"இன்னும் மெதுவா. இப்ப அழுத்துங்க. ம்... இப்ப விடுங்க, நான் விரல எடுத்துக்கறேன். இப்ப இறுக்குங்க."

முறை மாறும்போது அவன் ஓரத்தைப் பிடித்துக்கொள்வான், அவள் எதிர் ஓரத்தை அவன் விரல்களின் மேல் மடித்து அமுக்குவாள். "விரல இன்னும் நீட்டுங்க," என்பாள். நீட்டுவான். "இன்னும் கொஞ்சம்." அவன் தோளிலிருந்து விரல்நுனி வரைக்கும் நீட்டுவான். அவள் உள்ளங்கை அவன் விரல்களின் மேல் வந்து படியும்போது அவனுக்கு மனசெல்லாம் நிறைந்துபோகும். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் இவ்வளவு நேரம் அவள் கை அவன் கை மேல் இருந்ததில்லை. வீட்டில் அப்படியெல்லாம் யார் கை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்?

மடித்துப் பார்த்த துணியிலிருந்து பொடியை உதிர்த்து எடுத்து அடுத்த துணிக்குத் தூவினார்கள். நாளாக ஆக அவன் கை அடங்கியது. நட்டு முடுக்குகிற கை என்று சொன்னாளே, அந்தக் கை எப்போது தளர வேண்டும் என்று அவள் சொல்வதற்கு முன்னாலேயே தெரிந்துகொண்டது. துணியும் தெரிந்துகொண்டது. சூடு பட்டதும் தயங்கித் தயங்கி எழ ஆரம்பித்தது. அது முதல் தடவையாக யாரும் தொடாமலே முழுசாக ஒரு மடிப்பு மடிந்த அன்று சென்னியப்பன் பேக்கரிக்குப் போய் அவளுக்குப் பிடித்த தேங்காய் பன் வாங்கி வந்தான். மறுநாள் திருமூர்த்தியின் படத்தைத் துடைத்துப் புது மாலை போட்டான். ஜெயித்தவன் தோற்றவனுக்குப் போடுகிற மாலைதான். அவன் மனசில் அப்போது எரிச்சல் என்பதே இல்லை, பாவம் என்று கூட நினைத்துக்கொண்டான்.

"தெர்மோஸ்டாட்ட மாத்திட்டீங்களா?" என்று யமுனா ஒரு நாள் கேட்டாள்.

"மாத்திட்டேன்."

"சரிங்க."

சாக்கெட் தயாரானதும் மெஹருன்னிசா வந்து போட்டுப் பார்த்தாள். எழுந்து நின்றாள். பட்டறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தாள். செயற்கைக் காலில் மட்டும் பாரத்தைக் கொடுத்து நின்று, சந்திப்பில் நிற்பதுபோல இடது கையை நீட்டி யாரையோ நிறுத்தினாள். பிறகு வந்து உட்கார்ந்து யமுனாவை முறைத்தாள்.

"உறை போச்சுன்னு எதுக்கு யமுனா எங்கிட்டப் பொய் சொன்னே?"

"பொய் இல்லீங்கக்கா. நெசமாவே போச்சு."

"எனக்குத் தெரியாதா? இது மூர்த்தி கை. எலும்பு முனைக்கு நேரா, இதோ இந்த எடத்துல, ஒரு சொட்டு எடம் விட்டிருக்கும். பெரிய பெரிய ஆஸ்பத்திரியில எல்லாம் போட்டுப் பாத்துட்டேன், எவனும் அந்த எடத்த விட்டதில்ல. அது இல்லைன்னா ஒரு மணி நேரத்துல கடுக்க ஆரம்பிச்சிரும். இதுல இருக்குது. அப்படியே இருக்குது."

"அது நான் விரல உருவிக்கறதுக்கு விடற எடம்க்கா," என்றாள் யமுனா. "இது இவரு கை. புதுசாப் பழக்கினோம்."

"அப்படியா?" மெஹருன்னிசாவின் முகம் மலர்ந்தது. சென்னியப்பனின் தோளில் தட்டினாள். "நானும் உங்களை என்னமோன்னு நெனச்சிட்டேன் தம்பி. மூர்த்தியே வந்து செஞ்ச மாதிரி செஞ்சிருக்கீங்க. துளி வித்தியாசம் இல்ல. நல்லா இருக்கணும் நீங்க."

சென்னியப்பன் சிரித்தான். சிரிக்காமல் என்ன செய்வது? மெஹருன்னிசா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போகும் சத்தம் தேயும் வரைக்கும் அந்தச் சிரிப்பை அப்படியே வைத்திருந்தான்.

"நீ எனக்கு அவரு செஞ்ச மாதிரியே சொல்லிக் குடுத்தியா?" என்று கேட்டான்.

யமுனா தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். அந்தக் கேள்வியை அவள் தனக்குள் கேட்டுப் பார்த்ததுபோல இருந்தது.

"நான் அப்படி நெனச்சுச் செய்யலீங்க. என் கை எந்த எடத்துல எதிர்பாத்துச்சோ அந்த எடத்துல உங்க கைய வைக்கச் சொன்னேன். அதுக்கு வேற மாதிரி தெரியாதுங்களே."

"நெசமா வேணும்னு செய்யலியா?"

"இல்லீங்க." அவள் மேசையில் சிந்தியிருந்த பொடியைக் கையால் ஒதுக்கினாள். "நீங்க ஜாடிய வறுத்தீங்க. அது ஜாடியில மட்டும் இருக்கலீங்க."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் சென்னியப்பனுக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். அவள் கையைத் துடைத்துக்கொண்டு, கடைக்குப் போய்ப் பால் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

பட்டறையில் அவன் மட்டும் இருந்தான். திருமூர்த்தியின் படத்தில் அவன் போட்ட மாலை இன்னும் வாடவில்லை. இனிமேல் எதை வறுப்பது? யாரை அழிப்பது? தன் கையையே வெட்டிக்கொண்டால்தான் திருமூர்த்தி போவான் என்ற நிலைமைக்கு வந்தாயிற்று. சென்னியப்பனுக்கு அழுகை வரும்போல இருந்தது.

அப்போது ஒன்று தோன்றியது. பொடி அவனிடம் மட்டும் கற்றுக்கொள்ளவில்லையே. முறை மாறும்போதெல்லாம் அவன் விரல்களின் மேல் துணியை மடித்தவள் யமுனா. அந்தப் பக்கத்துத் துகள்களில் இருப்பது அவள் கை. அதற்குத் திருமூர்த்தி சொந்தம் கொண்டாட முடியாது. அவன் செத்த பிறகு, இந்த மாதத்தில், சென்னியப்பனின் விரல்களின் மேல் அவள் வைத்த கை அது. அதுவாவது தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று நினைத்தான்.

ஒரு துண்டுத் துணியை அச்சின் மேல் விரித்துப் பொடி தூவினான். சூடு காட்டினான். தன் பக்கத்து ஓரத்தை எடுத்து, அவள் காட்டிக்கொடுத்தபடியே விரல்களை நீட்டிப் பிடித்துக்கொண்டான்.

எதிர் ஓரம் எழுந்தது. இந்தத் தடவை தயங்கவில்லை. யமுனாவின் கையேதான். சுண்டுவிரல் பக்கம் முதலில் படிந்து, பிறகு உள்ளங்கை முழுவதுமாக இறங்கும் அந்த வருகை அவனுக்கு இப்போது நன்றாகத் தெரியும். அவன் மணிக்கட்டைத் தொட்டது, புறங்கையில் ஊர்ந்தது, விரல்களின் மேல் மெத்தென்று வந்தது. சென்னியப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

துணி அங்கே நிற்கவில்லை. அவன் விரல்நுனிகளைத் தாண்டிப் போயிற்று. இன்னும் ஒரு கணு அளவு தள்ளி, ஒன்றுமில்லாத இடத்தில் படிந்து, பத்திரமாக அழுத்தியது. ஆறடிக்காரனின் நீளமான விரல்கள் முடிகிற இடம் அது. பிறகு தளர்ந்து, அந்த விரல்கள் தங்களை உருவிக்கொள்ளட்டும் என்று காத்திருந்தது.

சென்னியப்பன் விரல்களை முடிந்த மட்டும் நீட்டினான். எட்டவில்லை.